வலிப்புக்குச் சத்துக் குளிசை கொடுக்கலாமா? பாமசியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலை நகருக்குள் ஒரு பாமசியில் மருந்தாளராக வேலை செய்கிறேன். என் தம்பிக்குப் பதினான்கு வயதில் வலிப்பு தொடங்கியது. அதனால் இந்தக் கேள்விகளை மேசைக்கு இந்தப் பக்கம் நின்றும் கேட்டிருக்கிறேன், அந்தப் பக்கம் நின்றும் கேட்டிருக்கிறேன். கிண்ணியா, மூதூர், நிலாவெளி, தம்பலகாமம் என்று பல இடங்களிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். ஒரு கையில் கிளினிக் கொப்பி இருக்கும், மற்றக் கையில் கனடாவிலோ லண்டனிலோ இருக்கும் உறவினர் அனுப்பிய போத்தல் இருக்கும். "பிள்ளை, இதையும் குடுக்கலாமோ?" என்று கேட்பார்கள். மேசையில் நின்று இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிகிற பதில் இல்லை என்பதால் இங்கே எழுதி வைக்கிறேன்.

அன்டிஒக்சிடன்ட் என்றால் என்ன? அதற்கும் வலிப்புக்கும் என்ன தொடர்பு?

பள்ளிப் புத்தகத்தில் 'ஒட்சியேற்ற எதிரி' என்று படித்திருப்பீர்கள். உடம்பின் கலங்கள் ஒட்சிசனைப் பயன்படுத்திச் சக்தி எடுக்கும்போது, பக்கத்தில் இருப்பதையெல்லாம் தாக்கும் சில துணிக்கைகள் உண்டாகின்றன. அவற்றை அடக்குபவைதான் அன்டிஒக்சிடன்ட்டுகள். விற்றமின் சீ, விற்றமின் ஈ, மஞ்சளிலுள்ள குர்க்குமின் எல்லாம் இதில் அடங்கும். உடம்பு தானாகச் செய்துகொள்பவையும் உண்டு.

மூளை நம் எடையில் ஏறத்தாழ 2 வீதம்தான். ஆனால் உடம்பு எடுக்கும் ஒட்சிசனில் ஏறத்தாழ 20 வீதத்தை அதுவே செலவழிக்கிறது. அதன் கலங்களில் எளிதாக ஒட்சியேறக்கூடிய கொழுப்பும் நிறைய உண்டு. வலிப்பு வரும்போது நரம்புக் கலங்கள் கட்டுப்பாடில்லாமல் ஒன்றாகச் சேர்ந்து மின் துடிப்பை விடுகின்றன. குளூற்றமேற் என்ற தூண்டும் பொருள் பெருகி, கல்சியம் கலங்களுக்குள் பாய, அந்தத் தாக்கும் துணிக்கைகள் அளவுக்கு மீறி உண்டாகின்றன. கலம் சேதமாகிறது. சேதமான இடம் அடுத்த வலிப்புக்கு வழி விடலாம். இதை ஆய்வுகூடத்தில் நன்றாகவே காட்டியிருக்கிறார்கள். ஆகவே, அந்தத் துணிக்கைகளை அடக்கினால் வலிப்பும் குறையுமா என்று ஆராய்ச்சியாளர்கள் கேட்டது நியாயமான கேள்விதான். எலிகளில் பல பொருட்கள் நல்ல பலன் காட்டின. மனிதரில் கதை வேறு.

விற்றமின் ஈ குடித்தால் வலிப்பு குறையுமா?

இதற்கு இரண்டு ஆய்வுகளைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒன்றை மட்டும் சொன்னால் பொய் சொன்னது போலாகிவிடும்.

1989-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. மருந்துக்கு அடங்காத வலிப்புள்ள 24 பிள்ளைகள். பாதிப் பேருக்கு வழக்கமான மருந்தோடு விற்றமின் ஈ, மறுபாதிக்கு மருந்தே இல்லாத வெறும் போலிக் குளிசை, மூன்று மாதம். விற்றமின் எடுத்த 12 பேரில் 10 பேருக்கு வலிப்பு 60 வீதத்துக்கு மேல் குறைந்தது. போலிக் குளிசை எடுத்தவர்களில் ஒருவருக்கும் அப்படிக் குறையவில்லை. இதைப் படித்த அன்று எனக்குக் கை நடுங்கியது. தம்பிக்கு அப்போது மாதம் இரண்டு தடவை வந்துகொண்டிருந்தது.

அப்புறம்தான் இரண்டாவதைப் படித்தேன். 1994-இல் டெல்லி மருத்துவர்கள் அதே கேள்வியை 43 பேரிடம் சோதித்தார்கள். போலிக் குளிசைக்கும் விற்றமினுக்கும் சொல்லத்தக்க வேறுபாடு எதுவும் இல்லை. 2005-இல் சென்னை மருத்துவர்கள் இருவர், வலிப்புக்கு விற்றமின்கள் பற்றி அதுவரை நடந்த ஆய்வுகளைச் சேர்த்து, கொக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்புக்கு மீளாய்வு ஒன்று எழுதினார்கள். வலிப்பு நோயாளருக்கு வழக்கமாக விற்றமின் கொடுக்க நம்பகமான ஆதாரம் இல்லை என்பதே அவர்கள் முடிவு.

சின்ன ஆய்வில் பெரிய பலன் தெரிவதும், அடுத்ததில் அது காணாமல் போவதும் மருத்துவத்தில் அடிக்கடி நடப்பவை. போத்தலை விற்பவர்கள் முதல் ஆய்வை மட்டுமே சொல்வார்கள்.

வெறும் விற்றமின்தானே, தீங்கு என்ன?

பின்லாந்தில் புகைப்பிடிக்கும் ஆண்கள் 29,000-க்கு மேற்பட்டோரிடம், அன்டிஒக்சிடன்ட் நுரையீரல் புற்றுநோயைத் தடுக்குமா என்று பார்த்தார்கள். 1994-இல் முடிவு வந்தபோது, பீற்றா கரோட்டீன் எடுத்தவர்களில் புற்றுநோய் 18 வீதம் கூடியிருந்தது. கரட்டில் உள்ள அதே சத்துத்தான்! உணவில் இருக்கும்போது நல்லதாக இருப்பது குளிசையாகத் திரட்டிக் கொடுக்கும்போது வேறு மாதிரி நடக்கலாம்.

மீன் எண்ணெய்க் குளிசை எப்படி?

இந்த ஊரில் இருந்துகொண்டு இதைக் கேட்பது எனக்குக் கொஞ்சம் மனவருத்தம். நிலாவெளிக் கரைவலையில் வரும் சூடை, சாளை, கீரி மீன்களில் இருப்பதும் குளிசைக்குள் அடைத்து விற்கும் அதே ஒமேகா-3 கொழுப்புத்தான்.

ஆய்வைக் கேட்டால் ஒன்றைச் சொல்லலாம். 2015-இல் அமெரிக்காவில், மருந்துக்கு அடங்காத வலிப்புள்ள 24 பேருக்கு ஒரு பத்து வாரம் சின்ன அளவு (நாளுக்கு 1,080 மில்லிகிராம் ஒமேகா-3), இன்னொரு பத்து வாரம் அதன் இரு மடங்கு, மற்றொரு பத்து வாரம் போலி எண்ணெய் என்று மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். சின்ன அளவில் வலிப்பு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. இரு மடங்கு கொடுத்தபோது பலன் போலி எண்ணெய் அளவுதான். கூடக் கொடுத்தால் கூடப் பலன் என்று நினைப்பவர்கள் இதை இரண்டு தடவை வாசியுங்கள். 24 பேர் கொண்ட ஓர் ஆய்வை வைத்து மருந்து எழுத முடியாது. ஆனால் வாரத்தில் இரண்டு மூன்று நாள் சூடை மீன் குழம்பு வைப்பதற்கு எந்த ஆய்வும் தேவையில்லை. வலிப்புக்கு உதவாவிட்டாலும் இதயத்துக்கு நல்லது.

மஞ்சளும் வல்லாரையும் போதாதா?

கறியில் போடும் மஞ்சளையும் சோற்றோடு தின்னும் வல்லாரைச் சம்பலையும் யாரும் விட வேண்டாம். வலிப்பை அடக்குமா என்றால், இரண்டுக்கும் இருப்பது பெரும்பாலும் எலி ஆய்வுகள். குர்க்குமின் குடலிலிருந்து இரத்தத்துக்குப் போவதே மிகக் குறைவு.

அதற்காகத்தான் பல கொம்பனிகள் குர்க்குமின் குளிசையில் மிளகுச் சாரமான பைப்பரினைச் சேர்க்கின்றன. இங்கேதான் கவனம் வேண்டும். பெனிற்ரோயின், காபமசெப்பின் என்ற வலிப்பு மருந்துகளை எடுக்கும் நோயாளருக்கு 20 மில்லிகிராம் பைப்பரின் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில், இரத்தத்தில் மருந்தின் அளவு உயர்ந்தது. பெனிற்ரோயின் கொஞ்சம் கூடினாலே தலைசுற்று, தள்ளாட்டம், கண் துடிப்பு எல்லாம் வரும். போத்தலின் பின்பக்கத்தில் மிகச் சின்ன எழுத்தில் அது எழுதியிருக்கும். ஒரு அம்மா கொண்டுவந்த போத்தலை வெளிச்சத்தில் சரித்துப் பிடித்து, கைப்பேசியில் படம் எடுத்துப் பெரிதாக்கித்தான் அந்தச் சொல்லைக் கண்டுபிடித்தேன். ரசத்தில் போடும் மிளகுக்குப் பயப்பட வேண்டாம். திரட்டிய சாரத்துக்குத்தான் இந்த எச்சரிக்கை.

விற்றமினே மருந்தாகும் வலிப்பு எதுவும் இல்லையா?

உண்டு. அதனால்தான் "எல்லாம் ஏமாற்று" என்று ஒரே வார்த்தையில் சொல்ல மாட்டேன்.

விற்றமின் பீ6-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். மூளையில் தூண்டும் குளூற்றமேற்றை, அடக்கும் பொருளான காபாவாக மாற்றும் நொதியத்துக்கு பீ6 கட்டாயம் தேவை. பீ6 இல்லாவிட்டால் தூண்டுதல் கூடி, அடக்குதல் குறைந்துவிடும். 1950-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஒரு குழந்தைப் பால்மா தயாரிப்பில் சூடாக்கியதால் பீ6 அழிந்து, அதைக் குடித்த குழந்தைகளுக்கு வலிப்பு வந்தது. பீ6 கொடுத்ததும் நின்றது. 1954-இல் இன்னொன்றை விவரித்தார்கள்: பிறந்த சில நாட்களிலேயே தொடங்கி, எந்த வலிப்பு மருந்துக்கும் அடங்காமல், பீ6 ஊசிக்கு மட்டும் அடங்கும் வலிப்பு. அதற்குக் காரணமான மரபணுக் கோளாறை 2006-இல் கண்டுபிடித்தார்கள். அந்தக் குழந்தைகள் வாழ்நாள் முழுவதும் பீ6 எடுக்க வேண்டும். பச்சைக் குழந்தைக்கு அடங்காத வலிப்பு வரும்போது பிள்ளை மருத்துவர்கள் பீ6 கொடுத்துப் பார்ப்பது இதற்காகத்தான். மூச்சு நின்றுபோகும் அபாயம் இருப்பதால் அதை வைத்தியசாலையில், கண்காணிப்பில் வைத்தே செய்வார்கள்.

பயோட்டின் என்ற இன்னொரு பீ விற்றமினை உடம்பு மீட்டெடுக்க முடியாத பரம்பரை நோயும் உண்டு. அங்கேயும் பயோட்டின்தான் மருந்து. கசநோய்க்குக் கொடுக்கும் ஐசோனியாசிட் அளவுக்கு மீறி உள்ளே போய் வலிப்பு வந்தால் அதற்கும் முறிப்பு மருந்து பீ6.

இவை எல்லாவற்றிலும் பொதுவாக ஒன்று இருக்கிறது: ஒரு குறிப்பிட்ட குறைபாடு. அந்தக் குறையை நிரப்பினால் வலிப்பு நிற்கிறது. குறை இல்லாத மூளைக்கு அதே விற்றமினை அள்ளிக் கொடுப்பதால் வலிப்பு நிற்பதில்லை. என் முழுப் பதிலும் இதற்குள் இருக்கிறது.

அப்போ கை காவலாகப் பெரியவர்களும் பீ6 எடுக்கலாமே?

வேண்டாம். பெருமளவில் நீண்ட நாள் எடுத்தால் கை கால் நரம்புகள் கெடும். முதலில் பாதம் மரத்துப்போகும், பிறகு நடை தடுமாறும். 1983-இலிருந்து அறிந்த விஷயம் இது. வைத்தியர் எழுதிய அளவு வேறு, கடையில் வாங்கிக் குடிப்பது வேறு.

வலிப்பு மருந்தே உடம்பின் சத்தைக் குறைக்கும் என்கிறார்களே?

சில மருந்துகள் குறைக்கும். பெனிற்ரோயின், பினோபாபிற்றோன், காபமசெப்பின் மூன்றும் ஈரலில் சில நொதியங்களைத் தூண்டிவிடுவதால் விற்றமின் டீ வேகமாகச் சிதைகிறது. பல வருடம் போனால் எலும்பு பலவீனமாகும். ஒரு பக்கம் எலும்பு பலவீனம், மறுபக்கம் எந்நேரமும் விழக்கூடிய நோய். இரண்டும் சேர்ந்தால் முறிவுதான். நம் ஊர் வெயிலில் விற்றமின் டீ குறையாது என்று எண்ண வேண்டாம். வலிப்புள்ள பிள்ளையை வெளியே விடாமல் வீட்டுக்குள் பொத்தி வைத்திருப்பவர்கள் எத்தனை பேர்! உடலை முழுவதும் மூடும் உடை அணியும் பெண்களுக்கும் வெயில் படுவது குறைவு. கிளினிக்கில் கேட்டு இரத்தத்தில் அளந்து, குறைந்திருந்தால் குளிசை எடுங்கள். சத்துக் குளிசைக்கு நான் முழு மனதோடு 'ஓம்' சொல்லும் இடம் இது.

போலிக் அமிலம் (folic acid) என்ற பீ விற்றமினும் இந்த மருந்துகளால் குறையும். மேலே சொன்ன போலிக் குளிசை வேறு, இது வேறு. ஆனால் கூடிய அளவு போலிக் அமிலத்தைத் தானாக வாங்கிக் குடித்தால் பெனிற்ரோயினின் அளவு இரத்தத்தில் இறங்கிவிடும். இரண்டு பக்கமும் கூர் உள்ள கத்தி போல.

கல்யாணம் பேசியிருக்கிற பெண்பிள்ளை என்ன செய்ய வேண்டும்?

வெட்கப்படாமல் உடனே கிளினிக்கில் சொல்ல வேண்டும். பிள்ளை தரித்த பிறகு சொல்வது பிந்திவிடும். குழந்தையின் முள்ளந்தண்டு மூடுவது கர்ப்பத்தின் முதல் நான்கு வாரத்துக்குள், பல பெண்களுக்குக் கர்ப்பம் என்று தெரியுமுன்பே. அதனால் போலிக் அமிலம் முன்கூட்டியே தொடங்க வேண்டும். எவ்வளவு என்பதை வைத்தியரே தீர்மானிப்பார்.

அதைவிட முக்கியமான ஒன்று வல்புரோவேற் என்ற வலிப்பு மருந்து. கர்ப்பத்தில் அதை எடுத்த தாய்மாரின் குழந்தைகளில் 100-க்கு ஏறத்தாழ 10 பேருக்குப் பிறவிக் குறைபாடு வருகிறது. 100-க்கு 30 முதல் 40 பேருக்கு வளர்ச்சியில், கற்றலில் சிக்கல் வரலாம். போலிக் அமிலம் இதை ஈடு செய்யாது. மருந்தை மாற்ற வேண்டியிருக்கலாம், அதற்கு மாதக்கணக்கு எடுக்கும். ஆனால் இதைப் படித்துவிட்டு இன்றிரவே வல்புரோவேற்றை நிறுத்த வேண்டாம். சடுதியாக நிறுத்தினால் வரும் தொடர் வலிப்பு தாயையும் பிள்ளையையும் சேர்த்தே எடுத்துவிடும். உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடமும் சொல்லி வையுங்கள்.

கீட்டோ உணவு பற்றி யூரியூப்பில் பார்த்தோம். தேங்காயெண்ணெய் குடித்தால் போதுமா?

கீட்டோ உணவு உண்மையான சிகிச்சை. 1921-இல் அமெரிக்க மருத்துவர் ரஸல் வைல்டர் வலிப்புக்கென்றே அதை முன்வைத்தார். பட்டினி கிடந்தால் வலிப்பு குறைவதை ஆட்கள் நெடுங்காலமாகக் கண்டிருந்தார்கள். பட்டினியில் நடப்பதையே உணவால் நடத்திக்காட்டும் முயற்சி அது. 2008-இல் லண்டனில் மருந்துக்கு அடங்காத வலிப்புள்ள 145 பிள்ளைகளிடம் செய்த ஆய்வில், உணவை மாற்றிய பிள்ளைகளில் 38 வீதத்தினருக்கு வலிப்பு பாதிக்கு மேல் குறைந்தது. மாற்றாதவர்களில் 6 வீதம். நான் மேலே சொன்ன எந்தக் குளிசைக்கும் இப்படி ஒரு ஆதாரம் இல்லை.

ஆனால் அது என்ன உணவு தெரியுமா? மாச்சத்தும் புரதமும் சேர்ந்து ஒரு கிராம் என்றால், கொழுப்பு நான்கு கிராம். சோறு இல்லை, பாண் இல்லை, இடியப்பம் இல்லை, வாழைப்பழம் இல்லை. ஒவ்வொரு வேளையும் தராசில் நிறுத்துக் கொடுக்க வேண்டும். மலச்சிக்கல், சிறுநீரகக் கல், வளர்ச்சி குறைதல் எல்லாம் வரலாம். சில பரம்பரை நோய் உள்ள பிள்ளைகளுக்கு உயிராபத்து. அந்த உணவில் இருப்பவர்களுக்குத்தான் விற்றமின், கல்சியம் குளிசைகள் கட்டாயம் வேண்டும். நரம்பியல் வைத்தியரும் உணவு நிபுணரும் சேர்ந்து நடத்த வேண்டிய சிகிச்சை இது.

தேங்காயெண்ணெய்க்கு வருவோம். கீட்டோவில் ஒரு வகைக்கு எட்டு, பத்துக் காபன் கொண்ட கொழுப்புகளைப் பிரித்தெடுத்த எண்ணெய் பயன்படும். நம் தேங்காயெண்ணெயில் பாதியளவு பன்னிரண்டு காபன் கொண்ட லோரிக் அமிலம். இரண்டும் ஒன்றல்ல. சோற்றையும் தின்று, மேலே இரண்டு கரண்டி எண்ணெயும் குடித்தால் அது கீட்டோ ஆகாது.

எதையாவது தவிர்க்க வேண்டுமா?

கற்பூரத்தை. வீட்டுச் சாமித்தட்டில் இருக்கும் கட்டியைச் சின்னப் பிள்ளை வாயில் போட்டுக்கொண்டால் கொஞ்ச நேரத்தில் வலிப்பு வரும், முன்பு வலிப்பே வராத பிள்ளைக்கும். யூக்கலிப்டஸ் எண்ணெயும் அப்படித்தான். சளிக்கு அதை உள்ளுக்குக் கொடுக்க வேண்டாம், வலிப்பு உள்ளவர் ஆவி பிடிப்பதும் வேண்டாம். பச்சைக் குழந்தைக்கு வேப்பெண்ணெய் பருக்கும் பழக்கத்தால் வலிப்பும் மயக்கமும் வந்து உயிரிழந்த குழந்தைகளைப் பற்றி மலேசிய மருத்துவர்கள் 1980-களிலேயே எழுதியிருக்கிறார்கள். ஞாபகசக்திக்கு என்று விற்கும் ஜிங்கோ குளிசையும் வேண்டாம். அதன் விதையில் பீ6-க்கு எதிராக வேலை செய்யும் நச்சு உண்டு. சிறுநீரக நோய் உள்ளவர்கள் காமரங்காய் தொடவே கூடாது. அதிலுள்ள நச்சு வெளியேறாமல் மூளைக்குப் போய் வலிப்பைக் கொண்டுவரும்.

நோன்பு, விரதம் பிடிக்கலாமா?

பலர் பிடிக்கிறார்கள். பசியைவிடக் கெடுதல் செய்வது குளிசை நேரம் தவறுவதும் தூக்கம் குறைவதும்தான். ரமழானுக்கு ஒரு மாதம் முன்பே கிளினிக்கில் கேளுங்கள். மெதுவாகக் கரையும் வகைக்கு மாற்றி, நோன்பு திறக்கும்போதும் ஸஹரிலும் எடுக்க ஒழுங்கு செய்யலாம். கந்தசஷ்டிக்கும் அப்படித்தான். நோயாளிக்கு இரண்டு மார்க்கத்திலும் விலக்கு உண்டு என்பதையும் மறக்க வேண்டாம்.

ஆனால் இன்னாருக்கு இந்தப் போத்தல் குடித்துத்தான் நின்றது என்கிறார்களே?

அவர்கள் பொய் சொல்லவில்லை. வலிப்பு ஏறி இறங்கும் நோய். ஒரு மாதம் ஐந்து தடவை வரும், அடுத்த மாதம் ஒன்று. நாம் புதிதாக ஒன்றை வாங்குவது எப்போது? ஐந்து தடவை வந்த மாதத்தில்தான். அடுத்த மாதம் தானாகவே குறைந்திருக்கும், பெயர் போத்தலுக்குப் போகும். மருந்தில்லாத போலிக் குளிசையோடு ஒப்பிட்டுப் பார்க்கும் ஆய்வு இதற்காகத்தான்.

எங்கள் வீட்டிலும் இது நடந்தது. சித்தி அனுப்பிய அன்டிஒக்சிடன்ட் போத்தல், மண்ணிற வில்லைகள், மூடியில் தங்க நிறப் பட்டி. முதல் பத்து நாள் தம்பிக்கு ஒன்றுமே வரவில்லை. வீடே சந்தோசப்பட்டது. அவன் யாருக்கும் சொல்லாமல் இரவுக் குளிசையை விட்டுவிட்டான். பதினோராம் நாள் விடியற்காலை கிணற்றடியில் விழுந்தான். நாடியில் ஏழு தையல். அவனுடைய மேசை இழுவைக்குள் கடதாசியில் சுற்றிய பத்துக் குளிசைகள் இருந்தன. அவற்றை எண்ணியவள் நான்தான். போத்தலை வீட்டுக்குள் விட்ட மருந்தாளரும் நான்தான்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் உலகில் ஏறத்தாழ 5 கோடிப் பேருக்கு வலிப்பு நோய் உண்டு. சரியான மருந்தைச் சரியாக எடுத்தால் 70 வீதம் வரையானோர் வலிப்பில்லாமல் வாழலாம். அந்த மருந்து நம் அரச வைத்தியசாலையில் இலவசம். போத்தலுக்குக் கொடுக்கும் காசு பல நாள் மீனுக்கும் கீரைக்கும் போதும்.

வலிப்பு வரும்போது என்ன கொடுக்க வேண்டும்?

எதுவும் வேண்டாம். தண்ணீர், குளிசை, கரண்டி எதையும் வாய்க்குள் வைக்க வேண்டாம். கையில் இரும்புச் சாவி திணிக்கவும் வேண்டாம். வலிப்பு தானாக நிற்கும் நேரத்தில்தான் சாவி வந்து சேர்கிறது. ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலைக்குக் கீழே துணி வைத்து, நேரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினாலோ, நினைவு திரும்பாமல் மறுபடி வந்தாலோ, தண்ணீருக்குள் வந்தாலோ 1990-க்கு அழையுங்கள். அம்புலன்ஸ் இலவசம்.

உங்கள் தம்பி இப்போது என்ன எடுக்கிறார்?

காலையும் இரவும் கிளினிக் குளிசை. இரத்தத்தில் குறைந்திருந்ததால் விற்றமின் டீ. இரவு எட்டு மணிக்குக் கைப்பேசி அடிக்கும். அவன் குளிசையை விழுங்கிவிட்டு, நாட்காட்டியில் அந்தத் திகதியின் மேல் ஒரு கோடு போடுவான். கடலில் குளிக்கப் போனால் இடுப்பளவு தண்ணீர்வரைதான், நானும் பக்கத்தில் நிற்பேன்.